நள்ளிரவு ஷிஃப்டும் இமயமலைச் சேறும்: வங்கக் கடல் துளைக் கப்பலிலிருந்து

சிங்கப்பூர் துறைமுகம், ஜனவரி 2015 கடைசி

கப்பலைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எண்ணெய் எடுக்கப் போறீங்களா?" நட்டநடுவில் அவ்வளவு பெரிய இரும்புக் கோபுரம் நின்றால் கேட்கத்தான் செய்வார்கள். நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் தெரியாது, கோபுரம்தான் தெரியும்.

ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்பது பெயர். இதில் 'ரெசல்யூஷன்' என்பது கேப்டன் குக் பசிபிக்கைச் சுற்றிய கப்பலின் பெயர். 1978-இல் இது எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலாகத்தான் பிறந்தது. 1985-லிருந்து எண்ணெயை விட்டுவிட்டு, உலகம் முழுக்கக் கடலடி மண்ணையும் பாறையையும் எடுத்துத் தருவதே இதன் பிழைப்பு. நீளம் 143 மீட்டர். அதற்குள் விஞ்ஞானிகள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், துளைப்பவர்கள், மாலுமிகள், சமையல்காரர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்.

சர்வதேசக் கடலடி ஆய்வுத் திட்டத்தில் எங்கள் பயணத்துக்கு எண் 354. இங்கிருந்து கிளம்பி, வங்கக் கடலில் 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஏழு இடங்களில் துளையிட்டு, மார்ச் கடைசியில் கொழும்பில் இறங்க வேண்டும். "வங்கக் கடல்ல சேறு எடுக்க சிங்கப்பூர் போய் ஏன்டி ஏறணும்? சென்னையிலயே ஏறக்கூடாதா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். கப்பல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஏற முடியும் என்று சொன்னேன், சமாதானமாகவில்லை.

மலாக்கா நீரிணை, கிளம்பிய மறுநாள்

இரண்டு பக்கமும் சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகின்றன. எங்களுக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை, ஒரே வகுப்பாக இருக்கிறது. உயிர்காப்புப் படகில் யார் எதில் ஏறுவது, தீ மணி அடித்தால் எங்கே போய் நிற்பது, ஆய்வகத்தில் எந்தப் புட்டியைத் தொடக்கூடாது. தீயணைப்புப் பயிற்சி வாரம் தவறாமல் உண்டாம். தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து பேர் கொடுக்க வேண்டும்.

கப்பலில் மது கிடையாது. ஐரோப்பிய நண்பர்கள் சிலர் முகத்தில் இப்போதே அந்த வருத்தம் தெரிகிறது.

எனக்கு நள்ளிரவு முதல் நண்பகல் வரை ஷிஃப்ட். எல்லோருக்கும் பன்னிரண்டு மணி நேர வேலை, வாரத்தில் ஏழு நாளும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லவே இல்லை. என் அறைத் தோழி நண்பகலில் ஆரம்பித்து நள்ளிரவில் முடிப்பாள். சிறிய அறையில் இரண்டு அடுக்குக் கட்டில். ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் வரக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். ஆகவே மடிக்கணினி, புத்தகம், பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் ஷிஃப்டுக்குப் போகும்போதே பையில் போட்டு எடுத்துப் போய்விட வேண்டும். இந்தப் பயணம் முழுக்க ஒரே அறையில் வாழ்ந்தும் அவள் குறட்டை விடுவாளா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை.

சுமத்ராவைத் தாண்டி, திறந்த கடல்

கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவில்லை. நான் இஞ்சி மிட்டாயும் தண்ணீருமாகச் சமாளித்தேன்.

வேலை தொடங்குவதற்கு முன் எதற்காக இங்கே வந்திருக்கிறோம் என்று எழுதிவிடுகிறேன். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலைச் சுமந்துவருகின்றன. இமயமலை தேய்ந்து வருகிற மண் அது. எல்லாம் வங்கதேசத்துக் கழிமுகத்தில் தங்கிவிடுவதில்லை. கழிமுகத்துக்கு எதிரே கடலடியில் ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. அதன் வழியாகச் சேறும் மணலும் கலந்த கலங்கல் நீரோட்டம் சரிவில் பாய்ந்து, தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போய்ப் படிகிறது. சுமார் 3,000 கிலோமீட்டர் நீளம். உலகத்தின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான், வங்காள விசிறி. இமயமலை எப்போது எவ்வளவு வேகமாக உயர்ந்தது, எவ்வளவு அரிக்கப்பட்டது, பருவமழை எப்போது வலுத்தது என்று கேட்டால் மலையிலேயே முழுப் பதில் கிடைக்காது. அரிப்பு என்பது தடயத்தை எடுத்துச் சென்றுவிடுகிற வேலை. எடுத்துச் சென்ற இடத்தில்தான் போய்த் தேட வேண்டும்.

அப்படியென்றால் ஒரே இடத்தில் ஆழமாகத் துளைத்தால் போதாதா? போதாது. அந்தக் கலங்கல் நீரோட்டம் கடலடியில் ஆறு மாதிரி வாய்க்கால் வெட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. வாய்க்கால் அடிக்கடி இடம் மாறும். இன்று இங்கே மணல் கொட்டும், பிறகு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. ஒரு துளையை மட்டும் நம்பினால் "இமயமலை அப்போது அமைதியாக இருந்தது" என்று தப்பாகப் படித்துவிடுவோம், வாய்க்கால்தான் வேறு பக்கம் போயிருக்கும். அதனால்தான் கிழக்கு மேற்காக 320 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏழு துளைகள்.

1972-இல் இதே பகுதியில் க்ளோமர் சேலஞ்சர் என்ற கப்பல் ஒரு துளை போட்டுப் பார்த்தது. எங்கள் ஏழில் ஒன்று அந்தப் பழைய இடத்திலேயே.

முதல் இடம், புதன்

நங்கூரம் போடவில்லை. தண்ணீர் ஆழம் சுமார் 3.7 கிலோமீட்டர், எந்தச் சங்கிலி எட்டும்? கப்பலின் அடியில் 12 உந்துவிசிறிகள் இருக்கின்றன. செயற்கைக்கோள் சொல்லும் இடத்தையும் கடலடியில் போட்டிருக்கும் ஒலிக்கருவி சொல்வதையும் வைத்து, கணினி அந்த விசிறிகளை இப்படியும் அப்படியும் சுழற்றிக் கப்பலை ஒரே புள்ளியில் நிறுத்துகிறது. நாளெல்லாம் அடிவயிற்றில் ஒரு உறுமல். இரண்டு நாளில் பழகிவிடும் என்றார்கள்.

குழாய் இறக்குவதைப் பார்க்கப் போனேன். ஒரு குழாய் ஏறக்குறைய 9.5 மீட்டர். மூன்றை ஒன்றாகப் பூட்டி நிமிர்த்தி, கோபுரத்தின் அடியில், கப்பலின் வயிற்றில் இருக்கிற ஏழு மீட்டர் அகலத் துவாரம் வழியாக இறக்குகிறார்கள். அடுத்த மூன்று, அதற்கடுத்த மூன்று. கடலடி வரை போய்ச் சேருவதற்குள் ஒரு ஷிஃப்டின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. உச்சியில் நிற்கும் ஆள், கீழே பூட்டும் ஆட்கள், கண்ணாடி அறைக்குள் நெம்புகோலைப் பிடித்திருக்கும் தலைமைத் துளையாளர் எல்லோரும் வாய் பேசாமல் கையை அசைத்தே வேலை செய்கிறார்கள். அந்தச் சத்தத்தில் பேசியும் பயனில்லை. எண்ணெய்க் கிணறுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த கைகள்.

வெள்ளி, அதிகாலை

"கோர் ஆன் டெக்!"

இந்த அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தால் கையில் இருக்கும் காபியை வைத்துவிட்டு ஓட வேண்டும். ஹெல்மெட், கண்ணாடி, இரும்பு முனை வைத்த ஷூ மூன்றும் இல்லாமல் கதவைத் திறக்கக்கூடாது.

கோர் என்றால் கடலடியிலிருந்து குத்தி எடுத்த நீள உருளை மண். மென்மையான சேற்றை எடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. குழாய்க்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரு கட்டத்தில் தடுத்து நிற்கும் ஊசிகள் முறிகின்றன. உடனே உள் உருளை ஒரே பாய்ச்சலில் 9.5 மீட்டர் சேற்றுக்குள் இறங்கிவிடும். திருகுவது இல்லை, அரைப்பது இல்லை. அதனால் அடுக்குகள் கலையாமல் அப்படியே வரும். பிறகு குழாயின் உள்ளேயே கம்பியை விட்டு அதை மேலே இழுப்பார்கள். ஒரு கோர் வந்து அடுத்தது வர ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகிறது. இரவும் பகலும், நாங்கள் தூங்கும்போதும் சாப்பிடும்போதும், இந்தக் கணக்குதான் கப்பலின் கடிகாரம்.

மேல்தளத்தில் நீண்ட நடைபாதை ஒன்று உண்டு. எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நின்று கோர் இருக்கும் நீளப் பிளாஸ்டிக் உறையைத் தோளில் வாங்கிக்கொண்டு வந்து சாய்ப்பார்கள். தொழில்நுட்பர்கள் 1.5 மீட்டர் துண்டுகளாக வெட்டி, மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு நிறமற்ற மூடி போட்டு, அசிட்டோனால் ஒட்டுவார்கள். மேல் எது கீழ் எது என்பது மாறிப்போனால் காலமே தலைகீழாகிவிடும். அதனால் இந்த மூடி விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை. உருளையின் அடிமுனையில் சிக்கி வரும் கொஞ்சம் மண்ணை நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் பார்ப்பவர்கள் உடனே வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். கழுவி, சலித்து, நுண்ணோக்கியில் பார்த்து, கொஞ்ச நேரத்திலேயே "இது இத்தனை லட்சம் ஆண்டுக்கு முந்தையது" என்று பலகையில் எழுதிவிடுவார்கள். கப்பலிலேயே அதிகக் கர்வம் அவர்களுக்குத்தான், அது அவர்களுக்குத் தகும்.

சில கோர்களில் மீத்தேன் குமிழி விட்டு மண் உறைக்குள் உப்பி இடைவெளி விழும். வாயு அளவை ஒவ்வொரு முறையும் சோதிப்பது பாதுகாப்புக்காக. இந்தக் கப்பலில் எண்ணெய்க் கிணறு போல வெடிப்பைத் தடுக்கும் வால்வு கிடையாது. கடல்நீரை விட்டே துளைக்கிறோம், அரைத்த மண் கடலடியிலேயே தங்கிவிடும். அதனால் எண்ணெயோ வாயுவோ தேங்கியிருக்கக்கூடிய இடத்தின் பக்கமே போவதில்லை. எண்ணெய் எடுக்கிறீர்களா என்று கேட்டவர்களுக்கு: எண்ணெய் இருக்காது என்று பார்த்துப் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறோம்.

ஞாயிறு என்று கேள்வி

என் வேலை வர்ணிப்பு. வெட்டிய துண்டு நான்கு மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வரும்வரை ரேக்கில் கிடக்கும். அடர்த்தி, காந்த ஏற்புத்திறன், காமா கதிர் எல்லாம் அளந்த பிறகு, கம்பியை இழுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆவணம், அதைத் தோண்டமாட்டோம். மறுபாதியில் மாதிரி எடுக்கலாம். ஆவணப் பாதி என் மேஜைக்கு வரும். நிறம், மணிகளின் அளவு, அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, புழு துளைத்த தடம் இருக்கிறதா, எல்லாம் பதிய வேண்டும். பல்குச்சி நுனியில் துளி மண்ணை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் இதில் அடக்கம்.

நேர்மையாகச் சொன்னால் முதல் வாரம் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சாம்பல் களிமண், கரும்சாம்பல் வண்டல், வெளிர்சாம்பல் மணல். அப்புறம் மெல்லக் கண் பழகுகிறது. அடியில் பரபரவென்று மணல், மேலே போகப் போக நுண்மண், உச்சியில் வழுவழுப்பான களி என்றால் அது ஒரே ஒரு கலங்கல் ஓட்டம் வந்து படிந்த அடுக்கு. கனமானது முதலில், லேசானது கடைசியில். மணலைச் சாய்த்துப் பிடித்தால் காக்காப்பொன் மினுக்கும். இமயத்துப் பாறையில் அது ஏராளம். இடையிடையே வெளிர்நிறக் களி வரும்போது, இங்கே வாய்க்கால் வராத காலம், மேலேயிருந்து நுண்ணுயிர் ஓடுகள் மட்டும் மழையாகப் பெய்துகொண்டிருந்த காலம் என்று அர்த்தம். இப்படி ஒரு அடுக்கில் எரிமலைச் சாம்பலும் காத்திருக்கும். சுமார் 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது பறந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் மண்ணுக்கடியில் கிடப்பதும் அதே சாம்பல்தான். ஒரு துளையையும் பக்கத்துத் துளையையும் பொருத்திப் பார்க்க இதைவிட நல்ல நாள்காட்டி கிடையாது.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எதிர் ஷிஃப்ட் ஆளோடு அரைமணி நேரம் உட்கார்ந்து கணக்கு ஒப்படைப்போம். நேற்று நான் "வண்டல்" என்று எழுதியதை அவர் "வண்டல் கலந்த களி" என்று மாற்றியிருந்தார். இருபது நிமிடம் வாதாடினோம். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் நாளைக்கு இந்தப் பதிவைப் படிக்கிறவர் யார் ஷிஃப்டில் எழுதினது என்று யோசிக்கமாட்டார். இருவர் கண்ணும் ஒரே கண்ணாக வேண்டும்.

சாப்பாடு பற்றி

கேட்ட எல்லோருக்கும் சேர்த்து. நாலு வேளை: காலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11. ஒவ்வொரு வேளையும் யாருக்கோ காலை உணவு, யாருக்கோ ராச்சாப்பாடு. நான் இரவு 11 மணிக்கு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே பொரித்த மீனுக்கு முன்னால் உட்கார்கிறேன். இடையில் 3 மணிக்கும் 9 மணிக்கும் பிஸ்கட் இடைவேளை. சமையல் ஆட்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஆகவே சோறு எந்த வேளையும் உண்டு, இது பெரிய புண்ணியம். ரசம் கிடையாது. பையில் கொண்டுவந்த பருப்புப்பொடியும் ஊறுகாயும் கப்பலில் எனக்குக் கிடைத்த மரியாதைக்குப் பாதிக் காரணம். அமெரிக்கத் துளையாளர் ஒருவர் எலுமிச்சை ஊறுகாயை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை.

புதிய கீரை காணாமல் போய்விட்டது. முட்டைக்கோஸ் தாக்குப்பிடிக்கிறது.

துணி துவைக்க வேண்டாம். பையில் போட்டு வாசலில் வைத்தால் துவைத்து வந்துவிடும். ஹெலிகாப்டர் தளத்தைச் சுற்றி நடப்பதுதான் உடற்பயிற்சி. இரவில் கப்பல் விளக்கு வெளிச்சத்துக்குக் கணவாய்கள் மேலே வரும், அவற்றைத் துரத்திப் பெரிய மீன்கள் வரும். நள்ளிரவு ஷிஃப்டுக்கு என்று இரண்டு சலுகைகள்: இந்த மீன்காட்சியும், தினம் தவறாத சூரியோதயமும்.

மணல், மணல்

மூன்று நாளாக எல்லோர் முகமும் கடுகடு. சேற்றுக்குள் பாயும் உருளை மணலில் பாய மாட்டேன் என்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. சில சமயம் மணல் கூழாகி உறைக்குள் வழிந்து வருகிறது, அடுக்கு எதுவும் தெரிவதில்லை. விசிறியின் வரலாறே மணலில்தான் இருக்கிறது, மணலை விட்டுவிட்டு வர முடியாது. 1972-இல் வந்தவர்களிடம் இந்தப் பாயும் உருளையே இல்லை.

தீர்வு, பாதி நீள உருளை. 9.5 மீட்டருக்குப் பதில் 4.7 மீட்டர். மணலுக்குள் நன்றாக இறங்குகிறது, நன்றாக வருகிறது. ஆனால் கீழே போய் மேலே வர ஆகும் நேரம் அதேதான், கிடைப்பதோ பாதி. துளையாளர்களுக்கு இரட்டை வேலை. ஆழம் போகப் போக நேரம் போதாது என்பதால் 4.7 மீட்டர் எடுப்பது, அடுத்த 4.8 மீட்டரை எடுக்காமல் துளைத்துத் தாண்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். தாண்டிய துண்டில் என்ன இருந்ததோ என்று எனக்கு அடித்துக்கொள்கிறது. ஆனால் இந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். மேலே ஒரு சென்டிமீட்டர் விடாமல் எடுத்து, ஆழத்தை எட்டாமலே திரும்புவதைவிட இது மேல்.

ஆய்வுக் கட்டுரைகளில் விஞ்ஞானிகள் பெயர் நீளமாக வரும். "பாதி உருளையைப் போட்டுப் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் மெதுவாக" என்று ராத்திரி 3 மணிக்குச் சொன்ன ஆளின் பெயர் நன்றியுரையில்கூட வருமா என்பது சந்தேகம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பாதி தாண்டியாச்சு

கப்பல் வழக்கப்படி பயணத்தின் நடுநாளுக்குக் கொண்டாட்டம். கேக், பாட்டு, சம்பந்தமில்லாத வேஷங்கள். இதற்குப் பிறகு எல்லோரும் வீட்டு நினைவில் கொஞ்சம் சிடுசிடுப்பார்கள், அதனால் முன்கூட்டியே சிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் போல.

இன்னொரு வழக்கம் தெர்மோகோல் கோப்பை. கோப்பையில் படம் வரைந்து, கடலடியைப் பார்க்கும் கேமராச் சட்டத்தோடு கட்டி இறக்குவார்கள். 3.7 கிலோமீட்டர் நீரின் அழுத்தத்தில் காற்றெல்லாம் போய், கோப்பை சுருங்கிக் கட்டைவிரல் அளவுக்கு வரும், படம் மட்டும் சிதையாமல். அண்ணன் மகளுக்கு யானை வரைந்து அனுப்பியிருந்தேன். தும்பிக்கை லேசாகக் கோணிவிட்டது.

ஆழமான துளை, மார்ச்

எங்கள் ஏழில் ஒன்றான யு1451 என்ற இடத்தில் கடலடிக்குக் கீழே ஏறக்குறைய 1,180 மீட்டர் வரை போயாகிவிட்டது. இப்போது வருவது சேறு இல்லை, பாறை. ரம்பத்தால்தான் பிளக்க வேண்டும். மணல் அடுக்குகள் குறைந்து, கடைசியில் விசிறி இங்கே வந்து சேர்வதற்கு முந்தைய கடல்படிவு வந்தது. அந்தத் துண்டைப் பார்க்க எதிர் ஷிஃப்ட்காரர்கள் தூக்கத்தை விட்டு வந்து நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை. குனிந்து பார்த்தார்கள், எச்சில் தொட்டுத் தடவக்கூடாது என்று தெரிந்தும் ஒருவர் விரலை நாக்குக்குக் கொண்டு போனார்.

வேதியியலாளர்கள் வேறு ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 70, 80 லட்சம் ஆண்டுக்கு முன் கங்கைச் சமவெளியில் மரங்களை ஒதுக்கிப் புல்வெளி பரவியது. கரும்பு, சோளம் போல இந்தப் புற்களும் கார்பனை வாங்கிக்கொள்ளும் விதம் மரங்களின் விதத்திலிருந்து வேறு. அந்த வித்தியாசம் இலையின் மெழுகில் பதிந்து, ஆற்றில் வந்து, இந்தச் சேற்றில் இருக்கிறது. 1987-இல் தெற்கே நிலநடுக்கோட்டுப் பக்கம் எடுத்த கோர்களிலேயே இதன் தடம் கிடைத்தது. மழை மாறியதாலா, வேறு காரணமா என்பதில்தான் சண்டை. அதற்கு இங்கே எடுத்த மாதிரிகள் கரைக்குப் போய், இன்னும் சில ஆண்டு ஆய்வகத்தில் வேக வேண்டும். கப்பலில் விடை கிடைக்காது. கப்பலில் கிடைப்பது சேறும் அதற்கான சரியான முகவரியும்.

கொழும்பை நோக்கி

குழாய் எல்லாம் மேலே ஏறிவிட்டது. விசிறிகளின் உறுமல் நின்றதும் காது அடைத்தது போல இருந்தது. இப்போது எல்லோரும் அறிக்கை எழுதுகிறோம். ஒவ்வொரு துளைக்கும் ஒரு அத்தியாயம், படங்கள், அட்டவணைகள். இரண்டு மாதத் தூக்கக் கடனோடு இலக்கணம் சரிபார்ப்பது தனிச் சித்திரவதை.

கோர்கள் குளிரூட்டிய பெட்டிகளில் ஜப்பானின் கோச்சிக்குப் போகும், கேரளத்துக் கொச்சிக்கு அல்ல. இந்தியப் பெருங்கடல் கோர்களுக்கு அங்கேதான் கிடங்கு. முதல் ஒரு வருடம் எங்களுக்கு மட்டும். அதன் பிறகு உலகில் எந்த ஆய்வாளரும் விண்ணப்பித்து மாதிரி வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் புவியியல் படிக்கும் மாணவர்கள் இதை வாசித்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

கொழும்பு, மார்ச் 31

காலையில் துறைமுகத்தில் கட்டினார்கள். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கினேன். தரையில் இறங்கியதும் தரை ஆடியது.

அடுத்த பயணம் 355, அரபிக் கடலில் சிந்து நதியின் விசிறிக்குப் போகிறது, மும்பையில் முடியும். அந்தக் குழுவினர் பெட்டிகளோடு படிக்கட்டின் கீழ் நின்றிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் "நள்ளிரவு ஷிஃப்ட் எப்படி?" என்று கேட்டாள். நல்லதுதான், ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொடுத்துவிட்டு, முதல் நல்ல சாப்பாட்டுக்கு நேரே கொழும்பில் தமிழர்கள் அதிகம் வாழும் வெள்ளவத்தைக்கு ஆட்டோ பிடித்தேன். தோசை வந்தபோது மணி பன்னிரண்டு, என் ஷிஃப்ட் முடியும் நேரம்.